ஓரத்துல சுத்தமா இல்ல

என் வேலை ஓரம் பார்ப்பது. நாய், பூனைகளின் உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் கட்டிகள் பார்மலின் டப்பாவில் மிதந்துகொண்டு என் மேஜைக்கு வரும். வெட்டின விளிம்பு முழுக்க நீல மை தடவி, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். மைக்கும் கட்டிக்கும் நடுவில் போதுமான நல்ல சதை இருந்தால் ஓரம் சுத்தம். கட்டியின் செல்கள் மை வரைக்கும் வந்து நின்றால், வெட்டினவர் மிச்சத்தை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவரோ அதற்குள் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க" என்று நாயின் சொந்தக்காரரிடம் சொல்லியிருப்பார். எடுத்தாச்சா இல்லையா என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் கும்பிடு அவருக்கு, பிஸ்கட் டப்பா அவருக்கு. எனக்கு வருவது பார்மலின் டப்பா மட்டும்.

அப்படி வெட்டுகிறவர்களில் ஒருவர் என் கணவர். ஒரே கால்நடை மருத்துவமனையில் அவருக்கு அறுவைப் பிரிவு, எனக்கு எதிர்க் கட்டடத்தில் ஆய்வுக்கூடம். மாணவர்கள் அவரைக் கத்தி சார் என்பார்கள், என்னைத் துண்டு மேடம் என்பார்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. அவர் வெட்டுவார், நான் குறை சொல்வேன். பகலில் அதற்குச் சம்பளம் உண்டு, சாயங்காலம் வீட்டில் இலவசம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஓரளவு நன்றாகவே.

அவருக்கு ஒரு தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவள் அண்ணன் அவளை எல் போர்டு என்றுதான் கூப்பிடுவார். புருஷனோடு ஒத்துவராமல், ஒரு சூட்கேஸையும் ஒரு நாயையும் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் தெருவிலேயே எதிர்ச்சாரியில் ஒரு மாடி வீட்டில் குடியேறினாள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் தோண்டவில்லை. அங்கே இருந்த கடைசி மாதங்களில் நாய் அவள் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டுதான் தூங்குமாம். அதை மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

நாயின் பெயர் மேனேஜர். "நாள் பூரா தூங்குவான், யாராவது வேலை செஞ்சா மட்டும் எழுந்து கத்துவான், வேற என்ன பேர் வைக்கிறது?" என்பாள். பயிற்சிக் காரில் பின் சீட்டில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருவான். கற்றுக்கொள்கிறவர் சடக்கென்று பிரேக் போட்டால் ஒரு உறுமல் உறுமுவான். அவள் சொல்லுக்குப் பயப்படாதவர்கள்கூட அந்த உறுமலுக்குப் பயந்து ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவளிடம் சம்பாத்தியம் இருந்தது, வாய் இருந்தது, தைரியம் இருந்தது. வீட்டுக்குப் போனால் காத்திருக்கிற உயிர் என்று அந்த ஒன்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் ஹாலில் உட்காரவைத்து, பின்னங்காலைத் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி.

"கொசு கடிச்சதுதானேண்ணா?"

அவர் விரலால் உருட்டிப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். வரவில்லை. மறுநாள் ஊசியால் குத்தி உறிஞ்சி அனுப்பினார். கண்ணாடியில் தடவிப் பார்த்தேன். செல்லுக்குள் ஊதாப் பொடி தூவினாற்போல் இருந்தது. மாஸ்ட் செல் என்ற வகைப் புற்று. நாய்களுக்கு அடிக்கடி வருவதுதான். தொடக்கத்தில் சாதுவாக இருக்கும், விட்டால் குடலுக்கும் மண்ணீரலுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கட்டியைச் சுற்றி அகலமாக வெட்ட வேண்டும். முதுகிலோ வயிற்றிலோ வந்தால் தோலுக்குப் பஞ்சமில்லை, அகலமாக வெட்டி இழுத்துத் தைத்துவிடலாம். காலின் கீழ்ப்பாதியில் தோல் ஏது? அதனால் காலையே எடுத்துவிடு என்று புத்தகம் சொல்லும். என் கணவர் பல வருஷமாக இந்தப் புத்தகத்தோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அகலம் தேவையில்லை, குறுகலாக வெட்டினாலே பெரும்பாலான நாய்களுக்குப் போதும், காலும் பிழைக்கும் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கத்தான் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்.

"காலை எடுக்கணுமா?" என்று கேட்டாள் தங்கை. முகத்தில் ரத்தமே இல்லை.

"எடுக்க வேண்டாம். என் ஆய்வுல சேர்த்துக்கறேன். கால் அவனுக்கேதான்."

அவள் அண்ணனை அப்படியே கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போது அவர் மேல் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது சொல்லக் கசக்கிறது, ஆனால் இருந்தது உண்மை.

விஷயம் இவ்வளவுதான். ஓரம் சுத்தமாக வந்தால் மேனேஜருக்கு உயிரும் மிச்சம், காலும் மிச்சம். சுத்தமில்லாவிட்டால், தாமதிக்காமல் மறுபடி மேஜையில் ஏற்றிக் காலை எடுக்க வேண்டும், உயிராவது மிச்சம். சுத்தமில்லாத ஓரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் எதுவும் மிஞ்சாது. இதை அவர் தங்கைக்கு விளக்கமாகவே சொன்னார்.

"அண்ணி, நீங்கதானே பாப்பீங்க? நம்ம மேனேஜர், கொஞ்சம் நல்லா பாத்து சொல்லுங்க," என்றாள்.

"எனக்குப் பேர் வராதும்மா, நம்பர்தான் வரும். எது மேனேஜர்னு எனக்கே தெரியாது."

அதுதான் ஆய்வின் சட்டம். எந்த டப்பா எந்த நாய் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் பாரபட்சம் காட்டும். நியாயமான சட்டம்தான், நானே மாணவர்களுக்குச் சொல்லித்தருவது. இதில் என் கணவர் என்னைவிடக் கறார். வீட்டில் ஆய்வைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு நம்பருக்கும் ஓரம் எப்படி என்று நான் போனில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், அதை வைத்து அவர் மேற்கொண்டு சிகிச்சையை முடிவு செய்வார். எழுத்து அறிக்கை புள்ளிவிவரக்காரரிடம் போய்ப் பூட்டிக்கிடக்கும், ஆய்வு முடிந்த பிறகுதான் எல்லோரும் பார்க்கலாம். இவ்வளவு புத்திசாலித்தனமாக ஏற்பாடு செய்து, ஒரு உயிரை ஒரு வரிப் பேச்சில் தொங்கவிட்டிருந்தோம்.

அதோடு, இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு பாஷை. அறுவை அரங்கில் "க்ளீன்" என்பார்கள். எங்கள் கூடத்தில் "சுத்தம்" என்போம். "ஓரம் சுத்தம்", "ஓரம் தொட்டிருக்கு", இந்த இரண்டில்தான் பெரும்பாலும் எங்கள் பிழைப்பு ஓடும்.

நாற்பத்தொன்றாம் நம்பர் வந்தது. ஸ்லைடை வைத்துப் பார்த்தால் இரண்டுங்கெட்டானாக இருந்தது. கட்டி மையைத் தொடவில்லை. ஆனால் விட்டுவிட்டு நாலைந்து செல்கள் மைக்குக் கிட்டத்தில், பந்தி முடிந்தும் எழுந்திருக்க மனசில்லாத விருந்தாளிகள் போல உட்கார்ந்திருந்தன. செல்களின் லட்சணமும் சரியில்லை, சாது வகை இல்லை. தொட்டிருக்கு என்று சொன்னால் பொய். சுத்தம் என்று சொன்னால் பெரிய பொய். போனை எடுத்தேன். அவர் அறுவை அரங்கில் இருந்தார், கையில் உறை, யாரோ போனை அவர் காதருகே பிடித்திருந்தார்கள். பின்னால் ஒரு கருவி பீப் பீப் என்றது.

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

"ஓரத்துல என்ன?"

"ஓரத்துல சுத்தமா இல்ல."

"சரி, வெச்சிடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ, கால் போகப்போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் எல் போர்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தாள். பின்னாலேயே மேனேஜர், காலில் கட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் புனல், அது கதவில் இடிக்க இடிக்க உள்ளே வந்தான்.

"அண்ணி! ஓரம் க்ளீனாம்! அண்ணன் சொல்லிட்டாரு!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு நான் சுத்தம் என்று சொன்ன நம்பர்கள் வேறு இருந்தன, அதில் ஒன்று நம்மவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எது என்று கேட்க நாக்கு துடித்தது, சட்டம் நினைவுக்கு வந்தது, பேசாமல் இருந்தேன். கடையிலிருந்து கேக் வாங்கி வெட்டினோம். மேனேஜருக்குப் புனலுக்குள் கை விட்டு ஊட்டினோம். என் கணவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, புத்தகம் எழுதினவன் எவனும் நாய் வளர்த்ததில்லை," என்று அளந்துகொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்தார்கள், முடி வளர்ந்தது, மேனேஜர் மறுபடி காரில் ஏறினான். தழும்பு இருந்த இடத்தில் அவள் தினமும் முத்தம் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பரிசோதனைக்குப் போனான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். தொடை இடுக்கில் தடவிக்கொடுத்த என் கையில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், மறுநாள் சும்மா ஒரு ஊசி போட வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போய், நானே உறிஞ்சி, நானே சாயம் போட்டுப் பார்த்தேன். அதே ஊதாப் பொடி. ஸ்கேனில் மண்ணீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"மேனேஜர் எந்த நம்பர்?"

"அது ஆய்வு…"

"ஆய்வைத் தூக்கி உடைப்புல போடுங்க. எந்த நம்பர்?"

"நாப்பத்தொண்ணு. நீதானே சொன்னே, ஓரத்துல சுத்தமா இல்லன்னு."

"ஆமா. சுத்தமா இல்லன்னுதான் சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சுத்தமா இல்லன்னு சொன்னே."

"சுத்தமா இல்லன்னு சொன்னப்புறம் ஏன் காலை எடுக்கலை?"

"சுத்தமா இல்லன்னா அப்புறம் எதுக்குக் காலை எடுக்கணும்?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. ஓரம் சுத்தமாக இல்லை என்று நான் சொன்னேன். ஓரத்தில் கட்டி சுத்தமாக, துளிக்கூட, இல்லை என்று அவர் கேட்டார். நான் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் காதுக்குப் போயிருக்கிறது. பாழாய்ப்போன அர்த்தம் மட்டும் வழியில் இறங்கிவிட்டது.

"மத்த நம்பருக்கெல்லாம் தொட்டிருக்குன்னுதானே சொல்வே? இதுக்கு மட்டும் ஏன் மாத்திச் சொன்னே?" என்று கத்தினார்.

"ஏன்னா தொடலை! தொடாததைத் தொட்டிருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா? சந்தேகமா இருந்தா ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

"எனக்குச் சந்தேகமே வரலையே!"

வராது. பல வருஷமாக அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த காது அது. கெட்ட செய்தி வந்திருந்தால் நாலு தடவை கேட்டிருப்பார். யார் மேல் தப்பு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அந்த வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டுவிட்டோம். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அது வரைக்கும் அவர் என் மனுஷர்தான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மென்று முழுங்க முடியவில்லை.

தங்கை வந்து கேட்டாள். "க்ளீன்னு சொன்னீங்களேண்ணா, அப்புறம் எப்படி?"

அவர் அவள் தோளில் கையை வைத்து, "சில கட்டி அப்படித்தாம்மா. ஓரம் க்ளீனா இருந்தாலும் பரவிடும். நம்ம கையில ஒண்ணும் இல்ல," என்றார்.

பச்சைப் பொய் என்றும் சொல்ல முடியாது. சில கட்டிகள் அப்படிச் செய்வது உண்டு. இந்தக் கட்டி அப்படிச் செய்யவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே நொறுங்கிப்போயிருக்கிறாள், நாய் இருக்கிற வரையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாத்திரைகள் கொடுத்தோம். கொஞ்ச நாள் மேனேஜருக்குப் பசித்தது, பிறகு பசிக்கவில்லை. காரில் ஏற முடியாமல் கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் தூக்கி வைப்பாள்.

கடைசியில் ஒரு காலை நேரத்தில், நல்ல வெயிலில், அவர் பிரிவின் பின்னறையில் முடித்துவைத்தோம். அவர்தான் ஊசி போட்டார், அது தொழில். தங்கை மேனேஜரின் காதுக்குள் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் சொன்னாள். பிறகு கழுத்துப் பட்டையைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "அண்ணா, நீங்க பண்ண வேண்டியதெல்லாம் பண்ணினீங்க, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க," என்றாள். ஆறுதல் சொன்னது அவள். வாங்கிக்கொண்டது அவர். முகத்தில் ஈயாடவில்லை.

ஆய்வு முடிந்தது, பூட்டைத் திறந்தார்கள். நாற்பத்தொன்றுக்கு நேரே என் அறிக்கை இருந்தது, ஓரம் சுத்தமில்லை, மறு அறுவை தேவை என்று தெளிவாக. ஒரு நாள் சாயங்காலம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் பேச்சை ஆரம்பித்தார். குரலில் அன்றைக்கு ஒரு குழைவு. குழைந்தால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"நாப்பத்தொண்ணை மட்டும் வேற மாதிரி போட்டுடலாம்னு பாக்கறேன்."

"வேற மாதிரின்னா?"

"பின்தொடர முடியாத கேஸ்னு. கடைசியா பரிசோதனைக்கு வந்தப்ப நல்லாத்தானே இருந்தான்? அதோட நிறுத்திக்கலாம். அதுக்கப்புறம் உரிமையாளர் தொடர்பில் இல்லைன்னு."

இப்படி ஒரு கணக்கு எல்லா ஆய்விலும் உண்டு. ஊர் மாறிப் போகிறவர்கள், போன் நம்பரை மாற்றுகிறவர்கள், நாய் செத்துப்போய்ச் சொல்ல மனசு வராதவர்கள், இவர்களின் விலங்குகளை அந்தக் கணக்கில் போடுவார்கள். செத்ததா பிழைத்ததா என்று தெரியாது, ஆகவே தோல்வி என்று எண்ண மாட்டார்கள்.

"உரிமையாளர் உங்க தங்கச்சி," என்றேன்.

"தெரியும்."

"எதிர்ச்சாரியில இருக்கா. நேத்துக்கூட இங்க வந்து காபி குடிச்சிட்டுப் போனா."

"வேற என்ன பண்ணச் சொல்றே? ஓரம் சரியில்லைன்னு அறிக்கை இருக்கு, ஏன் மறுபடி வெட்டலைன்னு கேப்பாங்க. என்ன எழுதட்டும்? பொண்டாட்டி சொன்னது புரியலைன்னு எழுதட்டுமா? மொத்த ஆய்வையும் குப்பைத்தொட்டியில போடுவாங்க. எத்தனை நாய்க்குக் கால் மிஞ்சும் இதனால, யோசிச்சுப் பாரு!"

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வு நல்ல ஆய்வு. பல நாய்கள் நாலு காலில் நடக்கின்றன. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் அவர் கட்சிதான் ஜெயித்திருக்கும், கொஞ்சம் தலைகுனிவோடு. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேஜை மேலிருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டே, "வீட்டுச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கம்மா," என்றார்.

அங்கிருந்து நேராகத் தங்கையைத் தேடிப் போனேன். நேர்மைக்காகப் போனேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபத்தில் போனேன். மைதானத்து ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள். பின் சீட்டில் விரித்த துண்டில் இன்னும் முடி ஒட்டியிருந்தது. முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது என்ன, அவர் கேட்டது என்ன என்று.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுத்தமா இல்லையா? ஐயோ அண்ணி, நானே நாளைக்குப் பத்துப் பேர்கிட்ட சொல்வேன். உங்களுக்குப் பிரேக் சென்ஸே சுத்தமா இல்லன்னு."

சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்திருக்க வேண்டிய கால்ல தினமும் முத்தம் குடுத்திட்டிருந்தேன்," என்றாள்.

"உனக்குக் காலை எடுக்கறது பிடிக்காதுன்னு…"

"யார் சொன்னா? மூணு காலோட இருந்தா மேனேஜர் மேனேஜர் இல்லையா? நான் தூக்கிட்டு அலைஞ்சிருப்பேன் அண்ணி. கடைசியில தூக்கிட்டுதானே அலைஞ்சேன்?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "சரி. காதுல தப்பா விழுந்துடுச்சு. யாருக்கும் விழும். அண்ணன் வேணும்னா பண்ணினாரு? அவரும் பாவம்தான். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் மன்னித்துவிட்டாள், அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவர் அவள் தோளில் கையை வைத்துச் சொன்ன பொய் எனக்கு ஞாபகம் வந்தது. மிச்சத்தையும் சொன்னேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "தொடர்பில் இல்லைன்னா? யாரு?"

"நீ."

"நானா?" கைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் காட்டினாள், ஏதோ அதை நான் பார்த்ததே இல்லை என்பதுபோல. "இதோ இருக்கு. இதே நம்பர்தான். வீடு அதே வீடுதான். ஊசி போடறப்ப அவர் பக்கத்துல நின்னு தலையைப் பிடிச்சது யாரு? அப்ப மேனேஜர் செத்தானா இல்லையான்னு தெரியாதுன்னா எழுதப்போறாரு?"

"அப்படித்தான் அர்த்தம்."

அடுத்த ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினார். "எறங்குங்க அண்ணி, எனக்கு வகுப்பு இருக்கு," என்றாள். பின்னாலிருந்த துண்டை எடுத்து மடித்து டிக்கியில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாள்.

அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போனால் கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், அண்ணன் பேச்சு எடுத்தால் எழுந்து வேலை பார்க்கப் போய்விடுவாள். அவர் முதலில் என் மேல் எரிந்து விழுந்தார், குடும்பத்தைக் கெடுத்தவள் என்றார். பிறகு, அவளே ஒரு நாள் வருவாள் என்று இருந்துவிட்டார். ஆய்வுக் கட்டுரையை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினார்.

இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார்கள். பின்தொடர முடியாத விலங்குகளின் உரிமையாளர்களைத் தொடர்புகொள்ள முயன்றீர்களா, எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ஜன்னலோர நாற்காலியில் அதைப் படித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். கேள்விக்குப் பதில் எழுதுவதற்காகவா, அவள் குரலைக் கேட்பதற்காகவா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. எதிர்ச்சாரி மாடியில் அவள் துவைத்த துணிகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக நன்றாகவே தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். அடுத்த துணியை எடுத்தாள்.

அவர் மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவையும் அடித்தார், மணி தானாக ஓயும் வரை காதில் வைத்திருந்தார்.

அவள் காலி வாளியையும் போனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மடிக்கணினியை இழுத்துவைத்து மெதுவாகத் தட்டிவிட்டு, எழுதுவதையெல்லாம் என்னிடம் காட்டும் பழைய பழக்கத்தில், திரையை என் பக்கம் திருப்பினார்.

"சரியா இருக்கா, பாரு."

உரிமையாளரைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தோம், பதில் கிடைக்கவில்லை என்று இருந்தது. எழுத்துப் பிழை கூட இல்லை. சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.